திருவாரூர் ஒண்ணு

கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நான் இறங்க வேண்டிய ஊர் கொரடாச்சேரி. எடுத்த டிக்கெட் திருவாரூருக்கு. நடைக்கு மூன்று ரூபாய் தண்டம். வீட்டில் டீ செலவு என்று சொல்லிவைத்திருந்தேன். விஷயம் இவ்வளவுதான்: என் வாயில் 'திரு' வரும், 'கொ' வராது. அந்த வராத 'கொ'வையும் நான் பார்த்து வளர்ந்த வாலிபப் பருவக் காதல் படங்களையும் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எனக்குத் திக்குவாய். ஊர்ப்பெயர் தலைக்குள் முழுசாக, சுத்தமாக நிற்கும். விரலிடுக்கில் மடித்துச் சொருகிய நோட்டுகளோடு கண்டக்டர் வந்து "எங்கங்க?" என்பார். அடிநாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். பார்க்கிறவருக்கு அது இரண்டு விநாடி. அதற்குள் கண்டக்டர் பின்சீட்டுக்கு டிக்கெட் கிழித்திருப்பார். "தம்பி, எங்கன்னு சொல்லுப்பா" என்று மறுபடி கேட்கும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். அப்படி அவர் திரும்பாமல் இருக்கத்தான் அந்த மூன்று ரூபாய்.

பெயர் கார்த்திகேயன். அதிலும் 'கா'. திக்குகிறவர்கள் பலருக்கும் சொந்தப் பெயர்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான சொல். 'கத்திரிக்காய்' வராவிட்டால் 'வெண்டைக்காய்' வாங்கிக்கொண்டு போய்விடலாம், நான் போயிருக்கிறேன். பெயருக்குப் பதிலாக எதைச் சொல்வது? எங்கள் அப்பாயி வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து வாராவாரம் என் நாக்கில் தடவும். வசம்பு என்று அது வாயால் சொல்லாது, 'பேர் சொல்லா மருந்து' என்றுதான் சொல்லும். பேர் சொல்ல வராத பிள்ளைக்குப் பேர் சொல்லா மருந்து! பூந்தோட்டம் பக்கம் கூத்தனூர் சரஸ்வதிக்கு நோட்டும் பேனாவும் வைத்துக் கும்பிட்டோம். ஆலங்குடி குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை போட்டோம். ஆறாம் வகுப்பில் யாரோ சொன்னார்கள் என்று வாயில் கூழாங்கல் போட்டுப் பேசிப்பார்த்து ஒன்றை விழுங்கியும் இருக்கிறேன்.

பிள்ளை வைத்திருப்பவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது நாக்கில் உள்ள கோளாறு இல்லை. பேச்சை நடத்துகிற மூளையின் வேலையில் உள்ள வித்தியாசம், பரம்பரையாகவும் வரும். பெரியவர்களில் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவர் திக்குகிறார்கள், அதில் ஆண்களே அதிகம். மூன்று நான்கு வயதில் திக்கும் பிள்ளைகளில் நிறையப் பேருக்குத் தானாகவே போய்விடும். மாதக்கணக்கில் நீடித்தாலோ, பிள்ளை வாயைத் திறக்கவே பயந்தாலோ, வசம்பை ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப்போங்கள். "மெதுவாச் சொல்லு, மூச்ச இழுத்துச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். அவன் சொல்ல வந்த வார்த்தையை நீங்கள் முடித்தும் வைக்காதீர்கள். எதிரே நின்று, அவன் முடிக்கும்வரை கேளுங்கள், போதும்.

சினிமாவுக்கு வருகிறேன். சொல்ல உட்கார்ந்ததே அதைத்தான்.

நான் பார்த்து வளர்ந்த படங்களில் திக்குவாய்க்காரனுக்கு இரண்டே வேலை. ஒன்று, அவன் திக்கத் திக்கத் தியேட்டரே சிரிக்கும். இல்லாவிட்டால், கிளைமாக்ஸில் ஏதோ அதிர்ச்சியில் அவனுக்குப் பேச்சு மடமடவென்று வந்துவிடும், தியேட்டர் கைதட்டும். திக்கிக்கொண்டே இருந்து, திக்கிக்கொண்டே ஒருத்தியிடம் மனதைச் சொல்லி, அவளும் அதைக் காது கொடுத்துக் கேட்டதாக ஒரு பையனை நான் திரையில் பார்த்த ஞாபகமே இல்லை. இதில் என் பெயர் வேறு. 'அலைபாயுதே'வில் மாதவன் கார்த்திக். 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் சிம்பு கார்த்திக். இத்தனை கார்த்திக்குகளில் ஒருவனுக்குக்கூடத் தன் பெயரைச் சொல்லத் தொண்டை அடைக்கவில்லை. ஹிருத்திக் ரோஷன் சின்ன வயதிலிருந்தே திக்கியவர், பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். 2000-ல் 'கஹோ நா பியார் ஹை' வந்தபோது எங்கள் தெருப் பையன்கள் அந்த டான்ஸை ஆடிப்பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அவருக்கும் என்னைப் போலத்தான் என்று அன்றைக்கு யாராவது என் காதில் போட்டிருந்தால் என் பள்ளிக்கூடப் பருவம் வேறு மாதிரி போயிருக்கும்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் 'பந்தா', 'சீன்', 'ஸ்டைல்' என்பார்கள். இப்போது என் மாணவர்கள் 'கெத்து' என்கிறார்கள். நல்லவேளை அந்தச் சொல் அன்றைக்கு எங்கள் ஊரில் புழங்கவில்லை, அதுவும் 'கெ'.

ஹீரோவில் இரண்டு தினுசு. வாய் ஓயாமல் பஞ்ச் பேசுகிறவன் ஒருவன். இன்னொருவன் பேசவே மாட்டான், தூரத்தில் எதையோ பார்ப்பான், பத்துக் கேள்விக்கு ஒரு 'ம்'. இரண்டாமவனைப் பார்த்தவுடன் எனக்குப் பொறி தட்டியது. பேச வராதவனும் பேசாதவனும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறார்கள்! 2007-ல் தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். இங்கே யாருக்கும் என் பழைய கதை தெரியாது. இனி நான் பேசாத ஹீரோ.

அதற்கு ஒத்திகையே பார்த்திருக்கிறேன். படிக்கட்டில் சாய்ந்து நிற்பது, ஒரு காதில் மட்டும் இயர்போன், யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாமல் புருவத்தை மட்டும் தூக்குவது. பேசியே ஆகவேண்டிய இடத்தில் பேச என் நண்பன் ஒருவன் இருந்தான். சினிமாவில் ஹீரோவோடு எப்போதும் ஒரு காமெடி நண்பன் சுற்றுவது எதற்கு என்று எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. ஹீரோவின் கௌரவம் குறையாமல் அவனுக்காகக் கெஞ்சவும் கேட்கவும் தூது போகவும் ஒருவன் வேண்டும். என் நண்பன் கேன்டீனில் எனக்கும் சேர்த்தே சொல்லிவிடுவான். பாவம், அவனுக்குக் காபி பிடிக்காது. எனக்கு டீ பிடிக்காது. மூன்று வருடம் நான் டீ குடித்தேன்.

அவள் எனக்கு ஒரு வருடம் ஜூனியர், திருவாரூர்க்காரி. அதே தனியார் பஸ்ஸில் வருவாள். அந்த பஸ்ஸில் ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும், டிரைவருக்கு இளையராஜா பைத்தியம். அந்தச் சத்தத்துக்குள் எனக்கு ஓரளவு பேச்சு வரும். அது ஏன் என்று அப்போது தெரியாது. நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில், மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த நாட்களில், ஷட்டர்க்கடியில் வெள்ளம் இரைகிற பக்கமாகப் போய் நின்று 'கொரடாச்சேரி, கொரடாச்சேரி' என்று கத்துவேன். தடங்கலே இருக்காது. இரைச்சலை விட்டு நாலு எட்டு நகர்ந்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

அவளிடம் பேச்சு எஸ்எம்எஸ்ஸில்தான் ஆரம்பித்தது. நம்பர் கொடுத்தது என் நண்பன், வேறு யார். நோக்கியா செல்லில் எஸ்எம்எஸ் பேக் போட்டு இரவு முழுக்கத் தட்டுவேன். அதில் நான் வேறு ஆள். கிண்டல், கவிதை, கேலி எல்லாம் சரளமாக வரும். மறுநாள் பஸ்ஸில் பார்த்தால் ஒரு 'ம்'. இரவு அத்தனை பேசினவன் பகலில் இப்படி அளந்து நிற்கிறானே என்று அவளுக்கு அது பெரிய ரகசியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய தோழிகளோ எனக்குத் 'தலைக்கனம்' என்று பெயர் வைத்திருந்தார்கள், அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நீடாமங்கலம் ரயில்வே கேட் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மூடினால் மூடினதுதான். அன்றைக்கு நெல் ஏற்றுகிற கூட்ஸ் ஒன்றை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். பாட்டும் நின்றது. வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மாள் ஜன்னல் ஜன்னலாக வந்தாள். முன்சீட்டிலிருந்து அவள் திரும்பினாள். என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த டிக்கெட்டைக் காட்டிச் சிரித்தாள்.

"டெய்லி திருவாரூருக்கு டிக்கெட் எடுக்குறீங்க, கொரடாச்சேரியில எறங்கிடுறீங்க. எனக்காகத்தானே? கூடவே வரணும்னு எடுக்குறது, அப்பறம் தைரியம் இல்லாம எறங்கிடுறது?"

யோசித்துப் பாருங்கள். 'கொ' வராததற்காகக் கொடுத்த மூன்று ரூபாயை அவள் காதல் என்று படித்திருக்கிறாள். அவள்மேல் தப்பே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அதே படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். பேசாத பையன் செய்கிற ஒவ்வொரு விசித்திரத்துக்கும் பின்னால் காதல்தான் இருக்கும் என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் ஈ பறந்தால் கேட்கும். ஐம்பது காது. 'இல்லை, எனக்குத் திக்கும்' என்று சொல்ல வேண்டும். நான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, லேசாகச் சிரித்து, ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைக்கூட எந்தப் படத்திலிருந்து எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நாள் நான் ஹீரோ. அவள் போன் செய்தால் கட் செய்துவிட்டு 'வீட்ல இருக்காங்க' என்று மெசேஜ் போடுவேன்.

2008 நவம்பர் கடைசி வாரம் நிஷா புயல் வந்தது. டெல்டாவே மிதந்தது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மழை பிடித்த சாயங்காலம் அவள் தஞ்சாவூரிலிருந்து வந்த பஸ் நீடாமங்கலத்தோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. அப்பாவும் நானும் விதைநெல் மூட்டையைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். போன் வெளிச்சம் போட்டது. கட் செய்தேன். 'எங்க இருக்க' என்று அடித்து அனுப்பினேன், போகவில்லை. மறுபடி அழைப்பு. மறுபடி கட். நான்காவது தடவை எடுத்தேன். 'கவலைப்படாத, அங்கயே இரு, வரேன்' என்பதுதான் மனசில். 'க'விலேயே பூட்டிக்கொண்டது. அந்தப் பக்கம், "ஹலோ... ஹலோ... கேக்குதா? ஹலோ?" மழைச் சத்தம். பிறகு லைன் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருந்த ஓர் அம்மா அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்திருக்கிறார். கல்லூரி திறந்ததும் அவள் நேராக வந்து கேட்டாள்: "எடுத்தீங்கல்ல? எடுத்துட்டு ஏன் பேசல?" அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். திக்கித் திக்கியாவது சொல்லியிருக்கலாம். நான் தூரத்தில் பார்த்தேன். ஹீரோக்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

மறுநாளிலிருந்து அவள் வேறு பஸ்ஸில் போனாள்.

2011-ல் பி.எட். படிக்கும்போது விடுதியில் ஒருவனுடைய லேப்டாப்பில் 'தி கிங்ஸ் ஸ்பீச்' பார்த்தேன். இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ் திக்கியதைப் பற்றிய படம், முந்தைய வருடம் வந்தது. வாலிபப் பருவக் காதல் கதையெல்லாம் இல்லை, ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும். அதில் பயிற்சியாளர் ராஜாவின் காதில் ஹெட்போனை மாட்டி, பாட்டைச் சத்தமாக வைத்துப் படிக்கச் சொல்வார். அவர் தடங்கலில்லாமல் படித்துவிடுவார். தன் குரல் தனக்கே கேட்காதபோது திக்கு விடுகிறது. நான் எழுந்து உட்கார்ந்தேன். எங்கள் இளையராஜா பஸ், மூணாறு தலைப்பு ஷட்டர், எல்லாவற்றுக்கும் விளக்கம் லண்டனில் இருந்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் கடைசியில். போர் அறிவிப்பு உரையைப் படித்து முடித்தவரிடம், ஓர் எழுத்தில் இன்னும் திக்கினீர்களே என்கிறார் பயிற்சியாளர். ஒன்றிரண்டு திக்கினால்தானே பேசியது நான்தான் என்று ஜனங்களுக்குத் தெரியும் என்கிறார் ராஜா. அந்த இடத்தை ஐந்தாறு முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். குணமாகாமலே ஜெயிக்கிற ஆளை அன்றைக்குத்தான் திரையில் பார்த்தேன்.

நம் படங்களில் 'தன்னை ஏற்றுக்கொள்வது' என்பதே மாறின பிறகு நடப்பது. கண்ணாடி போட்ட பெண் கண்ணாடியைக் கழற்றின பிறகு அழகியாகி, அப்புறம்தான் 'நீ எப்படி இருந்தாலும் அழகுதான்' என்பார்கள்.

அதே வருடம் தஞ்சாவூரில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். திக்காமல் பேசச் சொல்லித்தருவார் என்று போனால், அவர் வேண்டுமென்றே திக்கச் சொன்னார்! கீழவாசலில் காய்கறிக் கடையில் போய் நின்று, "க-க-க-கத்திரிக்காய் கால் கிலோ" என்று, வராமல் அடைப்பதற்கு முன்னால் நானே இழுத்துச் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கடைக்காரர், "நாட்டுக் கத்திரியா, பச்சையா?" என்றார். அவ்வளவுதான். வானம் இடியவில்லை. பயந்து மறைக்கிறபோதுதான் அடைப்பு இறுகுகிறது. நாமே முன்வந்து காட்டிவிட்டால் அதற்குப் பாதி பிடி போய்விடுகிறது. இரண்டாவது பாடம்: புது ஆளிடம் முதல் வாக்கியத்திலேயே, "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிடுவது. மூன்றாவதாக, தினம் ஒரு போன். யாரிடம் என்றில்லை, கரண்ட் எப்போது வரும் என்று மின்வாரிய ஆபீஸுக்குப் போட்டுக் கேட்பேன். டெல்டாவில் அந்தக் கேள்விக்குப் பஞ்சமா? திக்குகிறவர்களே கூடிப் பேசிக்கொள்கிற 'தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்' என்ற சங்கம் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. அங்கே முதல்முறை இன்னொருவர் அடைத்து நிற்பதைப் பார்த்தபோது, நானே அவர் சொல்ல வந்ததை முடித்துவைக்கப் போனேன். பழக்கதோஷம் எனக்கே இருந்திருக்கிறது.

2016-ல் பெண் பார்க்கப் போனோம், பட்டுக்கோட்டைப் பக்கம். தனியாகப் பேசட்டும் என்று கொல்லைப்புறம் அனுப்பினார்கள். மாட்டுக்கொட்டகைப் பக்கத்தில் நின்று நான் என் வாக்கியத்தை எடுத்தேன். "எ-எனக்கு... தி-தி-திக்கும்." முடிக்க நேரமானது. அவர் முழுசாகக் கேட்டார். "தரகர் மொதல்லயே சொல்லிட்டாரு. வேற எதாச்சும் இருக்கா?" என்றார். வேறு என்ன இருக்கிறது என்று எனக்கு யோசனையே வரவில்லை. "டீ பிடிக்காது" என்றேன். உள்ளே டீதான் தயாராகிக்கொண்டிருந்தது.

2018-ல் '96' வந்தது. பாதிக் கதை தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் நடப்பதால் எங்கள் பக்கம் அதை ஊர்ப் படமாகவே கொண்டாடினார்கள். நானும் மனைவியும் தஞ்சாவூரில் பார்த்தோம். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. பள்ளிக்கூட ராம், ஜானு பக்கத்தில் வந்தாலே நடுங்குகிறான், அவள் அவன் நெஞ்சில் கை வைத்தால் மயங்கி விழுகிறான். மனைவி என் காதில், "உங்காளு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரைவிட்டுப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறான். பிறகு அவள் கல்லூரிக்குத் தேடி வருகிறான், வேறொருவர் மூலம் சொல்லி அனுப்புகிறான். வந்திருப்பது யார் என்றே தெரியாமல் அவள் திருப்பி அனுப்பிவிடுகிறாள். அவன் ஒருமுறை தன் வாயால், தன் பெயரை, அவள் காதில் விழுகிற மாதிரிச் சொல்லியிருந்தால்? இருபது வருடம் மிச்சம். ராம் பேசாமல் நிற்கும்போது பின்னால் கோவிந்த் வசந்தாவின் வயலின் அவனுக்காகப் பேசுகிறது, நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. நான் பேசாமல் நின்றபோது பின்னால் பஸ்காரன் ஏர்ஹாரன்தான் அடித்தான். அவளுக்கு என்ன புரிந்திருக்கும்? படம் நல்ல படம்தான், நடிப்பும் குறை சொல்ல முடியாது. ஆனால் பையன்களே, அந்த மௌனத்துக்கான கூலியை ராமைவிட ஜானுதான் அதிகம் கொடுக்கிறாள், அதைக் கவனியுங்கள். (அதில் ஜானுவைப் பாடச் சொல்லி ராம் ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிற பாட்டு யமுனையைப் பற்றியது. எங்கள் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் என்றே ஒன்று இருக்கிறது. சம்பந்தமில்லைதான், ஆனாலும் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் எனக்கு ரயில்வே கேட்தான் ஞாபகம் வருகிறது.)

நேர் எதிர் தினுசுக்கும் எங்கள் மண்ணிலேயே ஆள் உண்டு. 2010-ல் வந்த 'களவாணி'யின் அறிக்கி. வாய் என்றால் வாய். சற்குணம் எடுத்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு வருடம் அந்த நடையிலேயே திரிந்தார்கள். எனக்குப் பொறாமை. அவனுக்கு இருக்கிற வாயில் கால்வாசி இருந்தால் போதும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்தப் படம் டிவியில் ஓடினால் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஆனால் வழியில் போகிற பெண்பிள்ளையை மறித்துக் 'கட்டிக்கிறேன்'னு சொல்லு என்று வம்பு பண்ணுகிற இடம் இப்போது எனக்கு முன்னைப் போல் இனிக்கவில்லை. நான் இப்போது பள்ளிக்கூட வாத்தியார். அந்தப் பெண்பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2014-லிருந்து அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன், சார் திக்குவார் என்று. முதல் வாரம் சிரிப்பார்கள், இரண்டாம் வாரம் என்னைப் போலவே பேசிக்காட்டுவார்கள், மூன்றாம் வாரம் மறந்துவிடுவார்கள். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் போடச் சொல்லி ஆணை வந்ததிலிருந்து சினிமா பேசுவதும் என் தலையில் விழுந்தது, சந்தோஷமாகத்தான். அதில் தற்செயலாகக் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு, நீங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒருநாள் ஹைடெக் லேபில் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. பையன்கள் கேட்டார்கள் என்று ஒரு மாஸ் ஹீரோவின் எண்ட்ரி சீனைப் போட்டேன், ஊமைப்படமாக. ஒருவர் வருகிறார். நடக்கிறார். இன்னும் நடக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். மறுபடி நடக்கிறார். முதல் பெஞ்சில் ஒருவன், "சார், இவரு எங்கதான் சார் போறாரு?" என்றான். லேபே குலுங்கியது.

அடுத்த வாரம் ஸ்பீக்கர் சரியான பிறகும் நானே சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு காதல் பாட்டைப் போட்டேன், ஹீரோ பெண்ணின் பின்னாலேயே சுற்றுகிற பாட்டு. இந்தத் தடவை பையன்கள் சிரித்தார்கள், பெண்பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும், "அந்த அக்கா பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பாக்குது சார்" என்றாள். பாட்டோடு பார்த்தபோது அது வெட்கமாகத் தெரிந்திருந்தது. நான் எதுவும் விளக்கவில்லை. விளக்கினால் கெட்டுவிடும், மணியும் அடித்துவிட்டது.

எல்லாம் இப்படி வாய்க்கவில்லை. ஒன்பதாவதில் ஒரு பெண் கொரோனா முடிந்து வெகுநாள் ஆகியும் மாஸ்க்கைக் கழற்றவே மாட்டாள். முன்பல் கொஞ்சம் எடுப்பு. கண் மட்டும் தெரிகிற செல்ஃபிகளில் தான் வேறு மாதிரி இருப்பதாக அவளுக்கு நினைப்பு. சாப்பிடும்போது சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்குப் பழைய படிக்கட்டுக் கார்த்திகேயன் ஞாபகம் வந்து, தனியாகக் கூப்பிட்டு, மனிதன் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும், நானே திக்குகிறேன் பார் என்றெல்லாம் அரைமணி நேரம் அறுத்தேன். மறுநாள் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள். என் பேச்சால் அவளுக்குக் கிடைத்தது ஒன்றுதான்: சாரும் என் பல்லைத்தான் பார்த்திருக்கிறார். மறைக்கிற பிள்ளையிடம் மறைக்கிற இடத்தைச் சுட்டிப் பேசக்கூடாது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், ஐம்பது பேர் திரும்பிப் பார்த்த வலியை அனுபவித்தவன்தானே. அதற்குப் பிறகு அவளிடம் கணக்கைப் பற்றி மட்டும் பேசினேன். கரும்பலகையில் போடவைப்பேன், தப்பானால் திருத்துவேன். அவள் வெடுக்கென்று எதிர்த்துப் பேசுவாள், விட்டுவிடுவேன். ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் மாஸ்க் இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் கவனிக்காத மாதிரி வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். அவளே எழுந்து சொன்னாள்: "கயிறு அறுந்துபோச்சு சார்." சரி உட்காரு என்றேன். மறுநாளும் அறுந்துபோனதாகவே இருந்தது.

போன மாதம் ஒரு வேலையாகத் தஞ்சாவூர் போய்விட்டு இரவு திரும்பினேன். அப்பா கொரடாச்சேரியில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். முதலில் வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பாட்டில்லாத பஸ். கண்டக்டர் சின்னப் பையன், கையில் மெஷின். "எங்க சார்?"

"கொ..." அடைத்தது. நான் கண்ணை மூடவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "கொ-கொ... கொரடாச்சேரி ஒண்ணு."

"கொரடாச்சேரி நிக்காது சார், இது எக்ஸ்பிரஸ். நீடாமங்கலம் விட்டா திருவாரூர்தான். திருவாரூர் போட்டுடவா?"